பதினான்கு விநாடி

"உண்மையைச் சொல்ற ஒருத்தர் எனக்கு வேணும்" என்று கணக்கு எடுக்கும் விதோசாவா, எங்கள் விதா, கேட்டபோது ஆசிரியர் அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தோம்.

"உண்மை எதுக்கு?" என்றாள் பூகோளம் எடுக்கும் கோர்தானா. "தாள்தானே வேணும்? நான் எழுதித் தர்றேன். எல்லாக் கட்டத்துலயும் நாலுக்கு நாலு. அப்புறம் என்ன குறை உனக்கு?"

"எனக்கு ஏழு-மூணு குறை."

ஏழாம் வகுப்பு மூன்றாம் பிரிவின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அந்த வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. இருபத்தேழு பிள்ளைகள். அதில் இருபத்தோரு பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். கணக்கு டீச்சரை மாற்றுங்கள், பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. தலைமையாசிரியை மிலுங்கா டிசம்பர் பெற்றோர் கூட்டம் வரைக்கும் தவணை வாங்கியிருந்தார்.

வகுப்பு கையைவிட்டுப் போனால் விதாவுக்கு வாரத்தில் நாலு பீரியட் குறையும். எங்கள் நாட்டில் பீரியட் குறைந்தவர் அந்தக் குறையை வேறு பள்ளிக்கூடத்தில் போய் நிரப்ப வேண்டும். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம், காலை ஐந்தே முக்கால் பஸ். விதாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆனால் அவள் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

"இருபத்தெட்டு வருஷமா இதே பாடம் எடுக்கறேன். தப்பு எங்கேன்னு எனக்கே தெரியலை. நீங்க மூணு வருஷமா என் வகுப்புல வந்து உட்கார்றீங்க. ஒருத்தராவது ஏதாவது பார்த்திருப்பீங்க இல்ல?"

நாங்கள் பார்த்ததில்லை. அதுதான் விஷயம். சக ஆசிரியர் பாடம் எடுப்பதைப் போய்ப் பார்த்து, தாளில் கருத்து எழுத வேண்டும் என்று விதி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு வழக்கம் தானாக உண்டாகிவிட்டது. யார் பாடத்தைப் பார்க்கப் போகிறோமோ அவர் அன்று காலையில் வீட்டிலிருந்து கிபானிட்சா சுட்டுக்கொண்டு வருவார். மாவு அடுக்கடுக்காக, பாலாடைக்கட்டி உருகி ஓரம் மொறுமொறுவென்று. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே தாளை நிரப்புவோம். பாடம் அதற்குப் பிறகுதான் நடக்கும். இன்று நான் உனக்கு நாலுக்கு நாலு, நாளை நீ எனக்கு. அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து உடற்பயிற்சி ஆசிரியர் ஸ்ரெதென் உள்ளே வந்தான். எங்கள் காபியைத் திருடிக் குடிக்க வருவது அவன் வழக்கம்.

"என்னப்பா, யாராவது செத்துட்டாங்களா? இவ்வளவு அமைதியா இருக்கு?"

"விதாவுக்கு உண்மை வேணுமாம்" என்றாள் கோர்தானா.

"அதுக்கு என்கிட்ட வரணும். நான் எடை பாக்குற மெஷின் மாதிரி. யார் ஏறினாலும் உள்ளதைச் சொல்லிடுவேன்."

"நீ கணக்குல எவ்வளவு வாங்கினே?" என்று நான் கேட்டேன்.

"அஞ்சுக்கு ரெண்டு. அதுவும் முழங்கால்ல அடிபட்டிருக்கேன்னு வாத்தியார் பாவம் பார்த்துப் போட்டது. ஒண்ணு போட்டிருந்தா இன்னும் ஏழாவதுலயே உட்கார்ந்திருப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். விதா சிரிக்கவில்லை.

"அப்போ நீயே வா. கணக்கு தெரிஞ்சவங்க போர்டைப் பார்ப்பாங்க. உனக்குப் போர்டுல இருக்கறது புரியாது. நீ பிள்ளைங்களைப் பார்ப்பே."

"கிபானிட்சா உண்டா?"

"கிடையாது."

"அப்போ உண்மை கொஞ்சம் உப்புக் குறைச்சலா இருக்கும், பரவாயில்லையா?"

வியாழக்கிழமை மூன்றாவது பீரியடுக்கு அவன் மைதானத்திலிருந்து நேராகப் போனான். கழுத்தில் விசில், அதோடு ஸ்டாப்வாட்ச். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தானாம். முதல் பத்து நிமிடம் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தானாம். பிறகு பொழுது போகாமல் ஸ்டாப்வாட்சை எடுத்தானாம். இதையெல்லாம் அவனே சொன்னான்.

பெரிய இடைவேளையில் அவன் அவளிடம் ஒரு தாளை நீட்டினான். அச்சடித்த தாள் இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் குறிக்கிற நீளத் தாள்.

"இது என்ன?"

"நீ கேட்ட உண்மை."

"வெறும் நம்பரா இருக்கே?"

"முதல் வரிசை கேள்வி. ரெண்டாவது நேரம். மூணாவது யார் பதில் சொன்னாங்கன்னு. நீ கேட்டு முடிச்சதும் ஒரு அமுக்கு, யாராவது வாயைத் திறந்ததும் ஒரு அமுக்கு. நான் எண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நாப்பத்தி மூணு கேள்வி. சராசரி ஒரு செகண்ட். சில இடத்துல அது கூட இல்ல."

விதாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "பிள்ளைங்க ஒரு செகண்ட்ல பதில் சொல்றாங்கன்னா நல்லதுதானே?"

"பிள்ளைங்க எங்கே சொன்னாங்க? மூணாவது வரிசையைப் பாரு. 'வி' போட்டிருக்கேன்ல, அது நீ. முப்பத்தஞ்சு கேள்விக்கு நீயே பதில் சொல்லிட்டே. மிச்சம் எட்டு. அதுல ஆறு முன் பெஞ்சு கண்ணாடி போட்ட பொண்ணு. மத்த இருபத்தாறு பேருக்கும் சேர்த்து ரெண்டு."

"கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் நான் சொல்றேன்."

"எப்போ கேட்டே? நான் தலையைத் தூக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுது."

"குதிரையை அளக்கற மாதிரி என்னை அளந்திருக்கே."

"குதிரைக்குக் கூட மணி அடிச்சப்புறம் ஓடறதுக்கு நேரம் குடுப்பாங்க, விதா."

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். அன்று முழுவதும் அவனிடம் பேசவில்லை. சாயந்தரம் கோட்டு மாட்டும்போது என்னைக் கேட்டாள்.

"ஸ்தோயாங்கா, ஒரு செகண்ட்னா எவ்வளவு?"

நான் விரலைச் சொடுக்கினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எனக்கு அது ரொம்ப நேரம் மாதிரி இருக்கு, தெரியுமா? கேள்வியைக் கேட்டுட்டு நிக்கறப்போ அப்படியே தண்ணிக்குள்ள மூச்சடக்கினாப்ல இருக்கு."

மறுநாளிலிருந்து அவளிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் வந்தது. ஏழு-மூணு வகுப்பு முடிந்து வந்ததும் காபிக்கு முன்னால் அதில் நாலைந்து வரி எழுதுவாள். மறைக்கவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதுவதால் தலைகீழாகப் படிக்க எனக்குப் பழகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் நோட்டையே என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"திங்கள். மூன்று விநாடி காத்திருப்பது என்று முடிவு செய்தேன். இரண்டாவதில் பேசிவிட்டேன்."

"செவ்வாய். வூகன் வாயைத் திறந்தான். அதற்குள் நான் பதில் சொல்லியாகிவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டான். இதற்கு முன் எத்தனை தடவை மூடியிருப்பான்?"

"வியாழன். ஐந்து விநாடி. எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பிள்ளைகள் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: டீச்சருக்கு மறந்துபோச்சுடா."

"இதைப் படிச்சா பாவமா இருக்கு" என்றேன்.

"எழுதறப்போ பாவமா இல்ல. கோபமா இருக்கு. நான் முதல் வருஷம் வேலைக்குச் சேர்ந்தப்போ மேலதிகாரி ஒருத்தர் வந்தார். ஒரு பையனைக் கேள்வி கேட்டேன், அவன் நின்னுக்கிட்டே இருந்தான். 'தோழர் ஆசிரியை, உங்க வகுப்பு தூங்குது'ன்னார். அன்னையிலேருந்து என் வகுப்பு தூங்கினதே இல்ல."

"நீதான் தூங்க விடலியே."

"அதான். யோசிக்கவும் விடலை."

மூன்றாவது வாரம் அவளே ஸ்ரெதெனிடம் போய் நின்றாள். "காத்திருக்க முடியலை. என்ன செய்யறது?"

"ஓட்டக்காரப் பசங்களுக்குச் சொல்றதுதான். சும்மா நில்லுன்னா நிக்க முடியாது. உடம்புக்கு ஒரு வேலை குடுக்கணும். கேள்வியைக் கேளு, சாக்பீஸைக் கீழே வை, ஜன்னல் வரைக்கும் நட, திரும்பி வா. எத்தனை அடி?"

"ஏழு இருக்கும்."

"போக ஏழு, வர ஏழு. சாக்பீஸ் இல்லாம உனக்குப் பேச்சு வராது, நான் பார்த்திருக்கேன்."

அது வேலை செய்தது. நோட்டில் "வூகன் பேசினான்" என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, "தப்பாகச் சொன்னான். ஏன் அப்படி நினைத்தான் என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது."

நவம்பரில் அவள் ஸ்ரெதென் கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றிக்கொண்டாள்.

"இப்போ உன் முறை."

"என் வகுப்புல பார்க்க என்ன இருக்கு? ஓடறாங்க, குதிக்கறாங்க, வேர்க்குது. வந்து பாரு, உனக்கே வேர்க்கும்."

அவள் எல்லோரையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு பெண்ணைப் பார்த்தாள். கலினா, அதே ஏழு-மூணு. கொஞ்சம் பருமன், ரொம்ப அமைதி. நாற்பத்தைந்து நிமிடமும் கலினாவின் உடம்பு அசையும்போது ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, நிற்கும்போது நிறுத்தினாள். பிறகு ஆசிரியர் அறையில், நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே கணக்கைச் சொன்னாள். அது அவள் செய்த தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. தனியாகச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு நிமிஷம் அம்பது செகண்ட்."

"எது?"

"கலினா உடற்பயிற்சி செஞ்சது. மிச்ச நேரமெல்லாம் வரிசை. பெட்டியைத் தாண்டிக் குதிக்கற வரிசை."

"அந்தப் பொண்ணுக்கு விருப்பம் இல்ல. நான் என்ன, தூக்கியா போட முடியும்?"

"முறை வர்றப்போ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டறா. கட்டிட்டு மறுபடி கடைசியில போய் நிக்கறா. நாலு தடவை."

"லேஸ் அவுந்தா கட்டத்தானே வேணும்?"

"அவ ஷூவுல லேஸே கிடையாது, ஸ்ரெதென். ஒட்டற பட்டை."

கோர்தானா சிரித்துவிட்டாள். ஜெர்மன் எடுக்கும் ஸ்லாட்கோவும் சிரித்தான். ஸ்ரெதெனுக்குக் காது சிவந்தது. ஸ்டாப்வாட்சை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காபியைக் குடிக்காமல் போனான்.

அவனை நான் நடைவழியில் பிடித்தேன். "என்னப்பா கோவிச்சுக்கிட்டே?"

"கணக்கு டீச்சருக்கு உடற்பயிற்சி பத்தி என்ன தெரியும்?"

"உனக்குக் கணக்கு தெரியாதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டா."

"நீ உன் தவளையைப் பாரு, ஸ்தோயாங்கா." நான் உயிரியல் எடுப்பவள்.

இரண்டு வாரம் அவன் ஆசிரியர் அறைப் பக்கம் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள், ஏழு-மூணில் விதாவின் பாடத்தைத் தலைமையாசிரியையும் நாங்கள் நாலு பேரும் பார்ப்பதாக ஏற்பாடு. நாங்கள் எழுதும் தாள்களை மறுநாள் பெற்றோர் முன்னால் வைப்பார்கள். அதை வைத்துத்தான் வகுப்பு அவளுக்கா இல்லையா என்று தீரும். "ஸ்ரெதென் வருவானா?" என்று விதா காலையில் என்னைக் கேட்டாள். "தெரியலை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வரைபடத் தாள்களை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கிபானிட்சா கொண்டுவரவில்லை.

கோர்தானா கொண்டுவந்திருந்தாள். "இவ கொண்டுவர மாட்டான்னு தெரியும். நல்ல நாளும் அதுவுமா வெறும் வயித்தோட எழுதுவாங்களா யாராவது?" துண்டு போட்டாள். நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம், நாலு பேரும் எழுதினோம். விதா தந்திருந்த பாடத் திட்டம் மேஜையில் இருந்ததால் எழுதுவது சுலபமாக இருந்தது. நானும் எழுதினேன். "மாணவர்கள் தயக்கமின்றி உடனுக்குடன் விடையளித்தனர். இறுதியில் பாடம் தொகுத்துரைக்கப்பட்டு வீட்டுப்பாடம் தரப்பட்டது." அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். இருந்தும் எழுதினேன்.

வகுப்பில் தலைமையாசிரியை ஜன்னல் ஓரம், நாங்கள் பின்னால். ஸ்ரெதென் இல்லை. பாடம் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அவன் உள்ளே வந்து, உட்காராமல் கதவின் மேலேயே சாய்ந்து நின்றான். விதா அவனைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிதாகரஸ் தேற்றம். மூன்று, நான்கு, ஐந்து பக்கமுள்ள முக்கோணத்தைப் போட்டு, அது செங்கோண முக்கோணம் என்று போன பாடத்திலேயே பார்த்திருந்தார்கள். இப்போது போர்டில் இன்னொன்று வரைந்தாள். பக்கங்கள் நான்கு, ஐந்து, ஆறு.

"இதுல செங்கோணம் இருக்கா? கோணமானி வெக்காம எப்படிச் சொல்வீங்க?"

சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஜன்னலை நோக்கி நடந்தாள்.

ஒருவரும் பேசவில்லை. தலைமையாசிரியை பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். ஸ்லாட்கோ தொண்டையைக் கனைத்தான். கண்ணாடி போட்ட பெண் கூடக் கையைத் தூக்கவில்லை. விதா ஜன்னலைத் தொட்டுத் திரும்பினாள். கோர்தானாவால் தாங்க முடியவில்லை. முன்னால் குனிந்து, தன் முன் பெஞ்சில் இருந்த கலினாவின் காதருகே, "ஆமான்னு சொல்லும்மா, சீக்கிரம்" என்றாள்.

கலினா திரும்பினாள். "இருங்க டீச்சர். யோசிக்கறேன்."

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் வகுப்பு முழுக்கக் கேட்டது. கோர்தானா நாற்காலியில் பின்னுக்குப் போனாள். விதா போர்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்போதும் பேசவில்லை.

கலினா கையைத் தூக்கினாள். "இருக்கு, டீச்சர். மூணு நாலு அஞ்சு வரிசையா வர்ற நம்பர். நாலு அஞ்சு ஆறும் வரிசையா வருது. அதனால இருக்கும்."

தப்பான பதில். விதா தப்பு என்று சொல்லவில்லை. "கலினா ஒரு காரணம் சொன்னா. யாருக்கு ஒத்துக்க முடியுது, யாருக்கு முடியலை?" என்று கேட்டு மறுபடி ஜன்னலுக்கு நடந்தாள். இந்தத் தடவை பாதி வழி போவதற்குள் வூகன் எழுந்துவிட்டான்.

"அப்போ ஒண்ணு ரெண்டு மூணும் வரிசைதானே? அது முக்கோணமே ஆகாது. ஒண்ணும் ரெண்டும் சேர்ந்தா மூணு. அப்படியே படுத்துடும்."

"அது வேற" என்றாள் கலினா.

"என்ன வேற? போட்டுப் பாரு. நாலு நாலு பதினாறு, அய்யஞ்சு இருபத்தஞ்சு, மொத்தம் நாப்பத்தொண்ணு. ஆறாறு முப்பத்தாறு. சரியா வரலைல?"

கலினா நோட்டில் போட்டுப் பார்த்தாள். "வரலை. சரி. அப்போ அந்தக் கோணம் என்ன? பெருசா, சின்னதா?"

அந்தக் கேள்வி பாடத் திட்டத்தில் இல்லை. வூகன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கதவைப் பார்த்தான். "சார், கொஞ்சம் நகருங்க" என்று ஸ்ரெதெனை ஒதுக்கிவிட்டுக் கதவை முழுக்கத் திறந்தான். "இது செங்கோணம்னு வெச்சுக்கோ. எதிர்ப் பக்கம் இங்கேருந்து அங்கே. நமக்கு அது நீளம் பத்தலை. அப்போ கதவை இந்தப் பக்கம் சாத்தணும்." சாத்தினான். "சின்னது."

"எவ்வளவு சின்னது?" என்று யாரோ கேட்டார்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவன் எழுந்து கதவருகே போனான். மணி அடித்தது. தொகுத்துரைக்கவில்லை. வீட்டுப்பாடம் இல்லை. திட்டத்தில் இருந்த ஐந்து கணக்கில் ஒன்று முடிந்திருந்தது, அதுவும் அரையும் குறையுமாக.

தலைமையாசிரியை எங்களை அறைக்குக் கூப்பிட்டார். நாலு தாள்களையும் மேஜையில் பரப்பினார்.

"ஸ்தோயாங்கா, வீட்டுப்பாடம் குடுத்ததை எப்போ பார்த்தீங்க?"

நான் மேஜையில் என் தாளைத் தேடினேன்.

"உடனுக்குடன் விடையளித்தனர். நாலு பேரும் இதையே எழுதியிருக்கீங்க. நான் வேற ஏதாவது வகுப்புல உட்கார்ந்திருந்தேனா?" ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. "கோர்தானா, இது உங்க கிபானிட்சாதானே?"

"ஒரு துண்டு உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கேன், மேடம்" என்றாள் கோர்தானா.

தலைமையாசிரியை சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. ஸ்ரெதெனைப் பார்த்தார். அவன் ஒரு நீளத் தாளை மேஜையில் வைத்தான். எல்லோரும் குனிந்து படித்தோம். கேள்வி பதினொன்று. சராசரி ஆறு விநாடி. அதிகபட்சம் பதினான்கு. பேசிய பிள்ளைகள் பத்தொன்பது. கீழே ஒரே வரி: "பாடம் முடியவில்லை."

"விதா, நான் நேராவே சொல்றேன்" என்றார் தலைமையாசிரியை. "இந்த நாலையும் வெச்சா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். நாளைக்குப் பெத்தவங்க மூணு வரி படிப்பாங்க, வகுப்பு உங்ககிட்டயே இருக்கும். இவனோடதை வெச்சா, பாடம் முடியலைன்னு இருக்கு. டீச்சர் சரியில்லைன்னு சொல்றவங்க அந்த ஒரு வரியைத்தான் பிடிச்சுப்பாங்க. எது வேணும்?"

"ஸ்ரெதெனோடது."

"நல்லா யோசிச்சீங்களா?"

"அக்டோபர்ல எழுதினதும் இருக்கு. ரெண்டையும் சேர்த்து வெக்கணும். ஒண்ணை மட்டும் வெச்சா அர்த்தம் இல்ல." பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள்.

"அது உங்களையே வெட்டும்."

"தெரியும்."

வெளியே வந்ததும் விதா அன்றைய தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: "கலினா 17:20."

"இது என்ன?" என்று ஸ்ரெதெனைக் கேட்டாள்.

"நேத்து. பதினேழு நிமிஷம் அசைஞ்சா. நாலு இடமாப் பிரிச்சுட்டேன். வரிசையே கிடையாது." அவன் வேறு பக்கம் பார்த்தான். "இன்னும் பெட்டியைத் தாண்டலை. ஆனா கயிறு நல்லா சுத்தறா."

"எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கக் கூடாது நான்."

"சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றான் அவன்.

மறுநாள் கூட்டத்துக்கு இருபத்துநாலு பெற்றோர் வந்தார்கள். கையெழுத்துக் காகிதத்தை எழுதியவர் ப்லகோயே, வூகனின் அப்பா. பஸ் நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருப்பவர். இரண்டு தாள்களையும் அவர்தான் முதலில் வாங்கிப் படித்தார். அக்டோபர் தாளில் விரலை வைத்து எண்ணினார்.

"டீச்சரம்மா, இந்த ஒண்ணுங்கறது ஒரு செகண்டா?"

"ஆமா."

"என் கடைக்கு பூரெக் வாங்க வர்றவனுக்கு, கறியா பாலாடைக்கட்டியான்னு யோசிக்க இதைவிட அதிக நேரம் குடுப்பேன்."

"நானும் இப்போ குடுக்கறேன்."

"இருபத்தெட்டு வருஷம் கழிச்சா?"

"ஆமா. கழிச்சுதான்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணு புரியலை. இதை ஏன் எங்ககிட்டக் காட்டறீங்க? நாங்க எழுதிக் குடுத்தது சரின்னுதானே இதுல இருக்கு?"

"சரிதான். பிள்ளைங்களுக்குப் புரியலைன்னு எழுதினீங்க, அது நிஜம். ஏன் புரியலைன்னு உங்க காகிதத்துல இல்ல. இதுல இருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "ஆறு செகண்ட் சும்மா நின்னா பிள்ளைக்குக் கணக்கு வந்துடுமா? பாடம் முடியலைன்னு போட்டிருக்கே. அடுத்த வருஷம் எட்டாவது. பரீட்சைக்கு யார் முடிச்சுத் தருவாங்க?"

"நின்னா கணக்கு வந்துடாது" என்றாள் விதா. "வரலைங்கறது எனக்குத் தெரியும். முன்னாடி அது கூடத் தெரியாது. நான் போர்டுல முடிச்சுடுவேன், எல்லாருக்கும் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவேன். பாடம் பின்தங்கியிருக்கு, அதுவும் நிஜம். மார்ச்சுக்குள்ள பிடிச்சுடுவேன்னு நினைக்கறேன். சத்தியம் பண்ண முடியாது."

"எங்க வீட்டுல நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல கதவைப் பத்திப் பேச்சு" என்றார் ப்லகோயே யாரையும் பார்க்காமல். "சமையலறைக் கதவைத் திறந்து திறந்து மூடினான். கீலு கழண்டுபோச்சு."

ஓட்டு கை தூக்கி எடுத்தோம். எண்ணியது நான். டீச்சர் இருக்கட்டும் என்று பதின்மூன்று கை, வேண்டாம் என்று பதினொன்று. அந்த அம்மா வேண்டாம் என்றுதான் தூக்கினார். ப்லகோயே கடைசி வரை தூக்கவில்லை, இருக்கட்டும் என்பதற்குப் பன்னிரண்டு ஆன பிறகுதான் கையைத் தூக்கினார். "ஜூன் வரைக்கும்" என்றார். "மார்ச்சுல இதே மாதிரி ஒரு தாள் வேணும். அந்தக் கிபானிட்சா தின்னு எழுதினது வேண்டாம்." கிபானிட்சா சமாசாரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. மாவு அவர் கடையில்தான் வாங்குகிறோம்.

மறுநாள் பெரிய இடைவேளையில் விதா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஸ்டாப்வாட்சை என் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யார் குடுத்தா?" என்றேன்.

"ஸ்ரெதென்தான். புதன்கிழமை உனக்கு ஆறு-ஒண்ணுல ரெண்டாவது பீரியட் இருக்கு இல்ல?"

"இருக்கு."

"வரட்டுமா?"

"தவளைப் பாடம் விதா, அதுல பார்க்க என்ன இருக்கு? விடுமுறை கழியட்டும். பிப்ரவரியில வெச்சுக்கலாம். நானே கிபானிட்சா பண்ணிக் கொண்டுவர்றேன்."

அவள் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு நடக்கக்கூட இல்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"சரி, வா" என்றேன்.

எப்போது ஓடவிட்டாளோ, அவள் ஸ்டாப்வாட்சை நிறுத்தி எடுத்துப் பார்த்தாள். "ஒன்பது" என்றாள்.